ஜாயிண்ட் வேறு, வெல்டு வேறு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலையில் சிக்கிக்கொண்டதால் பதில் எழுத முடியவில்லை. அம்மா மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனம் லேசானது.

ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவன் நீ. உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். தளத்தில் "இன்று எத்தனை ஜாயிண்ட்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஜாயிண்ட் என்பது இரண்டு துண்டுகள் சேரும் விதம். வெல்டு என்பது அங்கே உருகி உறைந்த உலோகம். ஆலைக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதிநூலின்படி, சாதாரண சேவைக் குழாய்களில், முனைகளை நேருக்குநேர் வைத்துச் சுற்றிலும் போடும் சுற்றுவட்ட பட் வெல்டுகளிலும், சாய்வாக வெட்டிச் சேர்க்கும் மைட்டர் வெல்டுகளிலும் குறைந்தது 5 சதவீதத்தை ரேடியோகிராபி (கதிர்ப்படம்) அல்லது அல்ட்ராசோனிக் (மீயொலி) முறையில் சோதிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் இதை "ஜாயிண்டில் 5 சதவீதம்" என்று படித்துவிட்டார். மொத்தம் 120: பட் 100, குழாயைக் குழிக்குள் செருகிச் சேர்க்கும் சாக்கெட் 20. எடுத்த படங்கள் 6. அதில் 4 சாக்கெட்! அது மூலையில் முக்கோணமாகப் போடும் ஃபில்லெட் வெல்டு. தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால், உள்ளே இருக்கும் குறை படத்தில் தெளிவாகத் தெரியாது. ஐந்து பட் வெல்டு பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டைத்தான் பார்த்திருந்தார்கள். மீதி மூன்றையும் எடுக்கச் சொன்னேன். ஒன்றில் ரூட் எனும் அடிப்பகுதி வரை உலோகம் இறங்கவில்லை, அதுவும் அனுமதித்த அளவை மீறி. விதிப்படி அதே வெல்டர் செய்த அதே வகை வெல்டுகளில் இன்னும் இரண்டைச் சோதித்தோம். நல்லவேளை, அவை சரியாக இருந்தன.

இன்னொன்று. "தையலில்லாத சீம்லெஸ் குழாயைத் தளத்தில் வெல்டு செய்துவிட்டோமே, இனி தரக்காரணி 0.85தானே?" என்று ஓர் இளம் பொறியாளர் கேட்டார். நல்ல கேள்வி. குழாயின் வலிமையில் எவ்வளவைக் கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லும் அந்தக் காரணி, ஆலையில் குழாயின் நீளவாக்கில் அல்லது சுருள்வாக்கில் போடும் தையலுக்கு உரியது: சீம்லெஸ்ஸுக்கு 1.00, மின்தடைச் சூட்டில் பற்றவைத்த ஈ.ஆர்.டபிள்யூ.வுக்கு 0.85, உலையில் சூடாக்கி ஒட்டும் உலை பட் வெல்டுக்கு 0.60. உள்ளழுத்தம் குழாயை விரிக்கும் தகைவு (ஸ்ட்ரெஸ்), அச்சுவாக்கில் இழுக்கும் தகைவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விரிக்கும் விசையை நேராகத் தாங்குவது நீளவாக்குத் தையல்தான். அதனால் சுவர்த்தடிமன் கணக்கில் நாம் போடும் சுற்றுவட்ட வெல்டுக்காக அந்தக் காரணி குறைவதில்லை. சாக்கெட்டுக்குள் குழாயை முட்டவிடாமல் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது ஏன் என்றும் கேட்டார். சூட்டில் குழாய் நீண்டு அடியில் முட்டினால் ஃபில்லெட்டின் ரூட்டில் விரிசல் விழும் என்று படம் வரைந்து காட்டினேன்.

உன் வகுப்பில் ஜாயிண்டை "இணைப்பு" என்றும், வெல்டைப் "பற்றவைப்பு" என்றும் முதல் நாளிலிருந்தே பிரித்துச் சொல்கிறாயா? பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். நிராகரித்த அந்த வெல்டின் வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கிவைத்திருக்கிறேன், உன் பட்டறைக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்