ரிப்பன் தெரிகிறது, ஓவியம் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் நடக்கும் இளைஞர் ஒருவரின் சர்ரியலிச (கனவில் வருவதுபோல நிஜத்தை உருமாற்றிக் காட்டும்) ஓவியக் கண்காட்சி பற்றிய செய்தியை, "பொதுமக்களுக்குப் புரியாவிட்டாலும் இளைஞரின் முயற்சி பாராட்டுக்குரியது" என்று முடித்திருந்தீர்கள். எந்தப் பொதுமக்களைக் கேட்டார் உங்கள் நிருபர்? அன்று மதியம் முழுக்க நான் அங்கேதான் இருந்தேன்.

நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு பெரிய ஓவியம். பாவாடை சட்டை போட்ட சிறுமி வாய்விட்டுச் சிரிக்கிறாள். பல் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பேறிய கூழாங்கற்கள். தொண்டைக்குள் போர்வெல் குழாய் இறங்குகிறது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "எங்க ஊரு தண்ணியத்தான் வரைஞ்சிருக்கான்" என்று சொல்லி, கூட வந்த மகளைச் சிரிக்கச் சொல்லிக் காட்டினார். ஃபுளோரைடு நீரால் இந்த மாவட்டத்துப் பற்கள் கறையேறிப் போனதும், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

1924இல் பாரிசில் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கை வெளியிட்டதையும், 1931இல் ஓவியர் டாலி கடிகாரங்களை உருக வைத்து வரைந்ததையும் மரியாதையோடு எழுதுகிறோம். எங்கள் ஊர்ப் பையன் வரைந்தால் மட்டும் அது 'முயற்சி' ஆகிவிடுகிறது. மனது வலிக்கிறது, ஐயா.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அட்டவணையில் ஓவிய வகுப்பு இருக்கும். மணி அடித்ததும் கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நிற்பார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் முக்கியமாம். அப்புறம் 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை எடுத்தார்கள், வாரத்தில் மூன்று அரை நாள். கவின் கலைக் கல்லூரி என்றால் எங்கள் பிள்ளைகள் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். "படம் வரைஞ்சு சோறு திங்க முடியுமா சார்?" என்று கேட்ட பெற்றோரிடம் பேசிப் பேசியே என் சர்வீஸ் முடிந்தது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பாரதக் கதையைத் தீட்டி வைத்திருக்கிற ஊர் இது. இங்குள்ளவர்களுக்கு ஓவியம் புரியாது என்று எப்படி எழுத மனம் வந்தது?

செய்தியோடு வந்த புகைப்படத்திலும் ரிப்பன் வெட்டியவர்களும் சால்வைகளும்தான். வரைந்த பையனின் பாதி முகம் ஓரத்தில். ஓர் ஓவியம்கூட இல்லை.

கண்காட்சி ஞாயிறு வரை இருக்கிறது. அதற்குள் அந்தச் சிறுமி ஓவியத்தை வண்ணப் பக்கத்தில் வெளியிடுங்கள்; கறுப்பு வெள்ளையில் அந்தப் பழுப்பு தெரியாது. காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை பார்க்கலாம், அனுமதி இலவசம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் செய்தியில் அது விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தருமபுரி.