ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் பொழுதுபோக்குப் பூங்கா முதலாளிகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவருடைய ஆபீசிலிருந்து எனக்கு போன் வந்தது. "சீசன் வரப்போகுது, பழைய ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுறோம், திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார் ஒரு தம்பி. என்னை அவருக்குத் தெரியாது, கையில் ஒரு பட்டியல் இருந்திருக்கும். இதுவரை எத்தனை பேரை அழைத்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க பதினாலாவது ஆளுண்ணா. யாருமே வரேன்னு சொல்லல" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் பதினோரு வருடம் ரைடு ஆபரேட்டராக இருந்தவன் நான். இப்போது ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வேலை கேட்டு இதை எழுதவில்லை. 2022 கோடையாவது ஒழுங்காகக் கிடைக்க வேண்டுமே என்ற உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. அந்த அவசரத்தில் நீங்கள் செய்யப்போவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய கேட்டைத் திறக்க அனுமதி கிடைத்தது நவம்பர் 10-ஆம் தேதி. இரண்டே வாரத்தில் நிவர் புயல். அடுத்த கோடைக்குத் தயாராவதற்குள் இரண்டாவது அலை, 2021 மே 10-லிருந்து முழு ஊரடங்கு. பரீட்சை லீவு வசூலை நம்பி வருடத்தை ஓட்டும் தொழிலில் அடுத்தடுத்து இரண்டு கோடைகள் போய்விட்டன. வங்கித் தவணை மட்டும் நின்றிருக்காது.

சரி, நாங்கள் எங்கே போனோம்? என்னோடு பிளாட்பாரத்தில் நின்ற ஜார்க்கண்ட் பையன்கள் 2020 மே மாதம் சிறப்பு ரயில் பிடித்து ஊருக்குப் போனார்கள். அதில் ஒருவன் இப்போது பெங்களூரில் உணவு டெலிவரி செய்கிறான். டிக்கெட் கவுன்டர் அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஊரடங்கில் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுக்கலாம் என்று அரசு சொன்னது. அவசரமாகப் போய்ப் பார்த்தால், காண்ட்ராக்ட்காரர் மூலம் வேலைக்குச் சேர்ந்த எங்கள் பலர் பேரில் கணக்கே இல்லை. முதல் மாதம் பாதிச் சம்பளம் வந்தது. அப்புறம் சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. எட்டு மாதத்தில் "எப்படிய்யா இருக்கே" என்று ஒரு குரல் கேட்டிருந்தால், பதினாலு பேரில் நாலு பேராவது திரும்பி வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"ஆள்தானே, புதுசா எடுத்துக்கலாம்" என்று நினைப்பீர்கள். எடுக்கலாம்தான். ஆனால் ரைடு ஓட்டுவது பொத்தான் அமுக்கும் வேலை என்று வெளியில் நிற்பவர்தான் நினைப்பார். எங்கள் ரைடுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிளாட்பாரத்தில், ஒருவர் பொத்தான்கள் இருக்கும் பேனலில். பிளாட்பாரத்து ஆள், மடிமேல் இறங்கி ஆளைப் பிடித்துக்கொள்ளும் கம்பியான லேப் பார் ஒவ்வொன்றையும் கீழே அழுத்தி, பிறகு மேலே இழுத்துப் பார்ப்பார். 'டக், டக்' என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும். ஒரே சத்தம்தான் என்றால் பாதிதான் மாட்டியிருக்கிறது. கடைசி சீட்டையும் பார்த்துவிட்டு அவர் கையைத் தூக்கும்வரை பேனல் ஆள் பொத்தானைத் தொடக்கூடாது.

2020 டிசம்பரில் நான் ஒரு மாதம் திரும்பிப் போனேன். ஆள் இல்லை என்று இரண்டு வேலையையும் என் ஒருவன் தலையிலேயே கட்டினார்கள். லாக்கைப் பார்த்துவிட்டு, பேனல் இருக்கும் கேபினுக்கு நடந்துபோக இருபது அடி. அந்த இருபது அடிக்கு என் முதுகு ரைடைப் பார்த்து இருக்கும். ஒருநாள் பொத்தானில் கை வைத்துவிட்டுச் சும்மா நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது சீட்டில் ஒரு சின்னப் பெண், கீழே நின்ற அப்பாவிடம் செருப்பைக் கொடுக்க, பாருக்கு அடியிலிருந்து பாதி உடம்பை வெளியே இழுத்திருந்தாள். ஒல்லிக் குழந்தை. அன்று சாயங்காலமே கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதில் ஒரு கூத்து வேறு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் சீட்டில் கிருமிநாசினி அடிக்கச் சொன்னார்கள். கொடுத்தது பிளீச்சிங் கலந்த தண்ணீர். கடல் உப்புக் காற்றில் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு மாதம் கிடந்த லாக் ஸ்பிரிங்கில் அதையும் தெளித்தால் இரும்பு என்ன ஆகும்? மராமத்துக்கு இருந்த பெரியவர் வெல்டிங் மேல் சிவப்புச் சாயம் அடிப்பார். துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் தூவுவார். விரிசல் இருந்தால் வெள்ளையில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு தெரியும். திறக்கும்போது அவரையும் காணோம். அந்த டப்பாக்கள் ஸ்டோரில் தூசி படிந்து கிடந்தன.

ஆட்களை அனுப்பியதும் சரி, ஆள் பஞ்சமும் சரி, உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் டிஸ்னி 2020 செப்டம்பரில் 28,000 பேரை வேலையைவிட்டு நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒஹாயோவில் ஏரிக்கரையில் இருக்கும் சீடர் பாயின்ட் பூங்காவுக்கு 2021-ல் ஆள் கிடைக்கவில்லை. அவர்கள் சீசன் ஆட்களின் கூலியை மணிக்கு 20 டாலர் என்று உயர்த்தினார்கள், கிட்டத்தட்ட இரட்டிப்பு. கூடவே, ஜூன் மாதத்தில் கூட்டம் குறைவான சில வார நாட்களில் பூங்காவையே மூடினார்கள். கூலியை அவ்வளவு ஏற்ற உங்களால் முடியாமல் இருக்கலாம். ஆனால் ஆளுக்குத் தகுந்தபடி பூங்காவைச் சுருக்கலாமே? இருபது ரைடுக்கு ஆள் இல்லையென்றால் பன்னிரண்டை ஓட்டுங்கள். மற்றதற்குக் கயிறு கட்டி, டிக்கெட் விலையைக் குறையுங்கள். 'இன்று ஓடாது' என்று எழுதிப் போட்டால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள், அப்புறம் ராட்டினத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள்.

சோதனை ஓட்டத்துக்குப் புதுப் பையன்களை ஏற்றாதீர்கள். 2016 மே மாதம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவில் ஊழியர்களே ஏறிய சோதனை ஓட்டத்தில் ஒருவர் செத்துப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு நன்றாகவே இருக்கிறது.

கூப்பிட்ட தம்பியிடம் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று பிள்ளைகளுக்கு இங்கே இ.எஸ்.ஐ. இருக்கிறது, அதை விடுவதற்கில்லை. ஆனால் எனக்குப் புதன்கிழமை வார லீவு. நீங்கள் எடுக்கும் புது ஆட்களை நிறுத்தி வைத்தால், இரண்டு புதன்கிழமை வந்து அந்த 'டக், டக்' சத்தத்தைப் பழக்கிக் கொடுக்கிறேன். பஸ் காசு மட்டும் போதும். நான் வருவதற்குள், சோதனை ஓட்டத்தில் ஆளுக்குப் பதிலாக ஏற்ற, சீட்டுக்கு ஒன்று என்று மணல் மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய ரைடு ஆபரேட்டர் ஒருவன்