நீ புறப்பட்ட பிறகு குறைந்த எண்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டாய்: "அங்கே நம் பகுதியில் வேலையின்மை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறதே, திரும்பி வந்துவிடட்டுமா அம்மா?" நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் "வா" என்றேன். 6 ஆண்டுகளாக உன் வாயிலிருந்து வராதா என்று காத்திருந்த கேள்வி அது. பேசி முடித்த பிறகுதான் பயம் வந்தது. 26 ஆண்டுகள் வீடு வீடாகப் படியேறி வேலைவாய்ப்புக் கணக்கெடுத்தவள் நான். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருந்தும், அதை நம்பி நீ எடுக்கப்போகும் முடிவுக்கு வாய் திறந்து சம்மதம் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்கவில்லை. நீ வர வேண்டும் என்ற ஆசையும் மாறவில்லை. ஆனால் அந்தச் செய்தியை நம்பி மட்டும் கிளம்பாதே.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார். ஓர் இடத்தில் வேலையில் இருப்பவர்கள் 90 பேர், வேலை தேடுபவர்கள் 10 பேர். வேலையின்மை விகிதம் 10 சதவீதம். தேடியவர்களில் 4 பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். மிச்சமுள்ள 96 பேரில் தேடுபவர்கள் 6 பேர், விகிதம் 6.25. இன்னும் 2 பேர் தேடித் தேடி அலுத்து, தேடுவதையே நிறுத்திவிட்டார்கள். தேடாதவர் கணக்கில் வேலையற்றவராக வரமாட்டார், அதனால் அவர்களும் கழிந்துபோகிறார்கள். 94 பேரில் 4 பேர், விகிதம் 4.26. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வேலையில் இருப்பவர்களோ அதே 90 பேர்தான். ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை.

வெளியேறிய அந்த 4 பேரில் ஒருத்தி நீ.

களப்பணியில் இருந்தபோது எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் பூட்டிய வீடு. பட்டியலில் இருக்கும் வீட்டைத் தேடிப் போவோம், கதவில் பூட்டுத் தொங்கும். பக்கத்து வீட்டில் விசாரித்து, குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அதை ஒரு குறியீட்டு எண்ணாக எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஏன் போனார்கள் என்று கேட்கப் படிவத்தில் இடம் இல்லை. மூடிய ஆலையை ஒட்டிய தெருக்களில் ஒவ்வொரு சுற்றிலும் பூட்டுகள் கூடிக்கொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆண்டுகளில்தான் அந்தப் பகுதியின் விகிதம் இறங்கியது. போன ஆண்டு நம் வீட்டுக்கும் ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். "வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாள். பல ஆய்வுகளில், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருப்பவரைக் குடும்பத்தில் சேர்க்க மாட்டார்கள். நானே எத்தனையோ தாய்மார்களிடம் இதைச் சொல்லி, அவர்கள் சொன்ன பெயரை அடித்திருக்கிறேன். அன்றைக்கு நான் "இரண்டு பேர்" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இது நம் பகுதிக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதே. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் 2005-இல் வேலையின்மை 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2019-இல் 7 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அங்கே உண்மையாகவே புதிய வேலைகளும் வந்தன, அதை மறுக்கக் கூடாது. ஆனால் 1991 முதல் 2017 வரை கிழக்கிலிருந்து மேற்கே போனவர்கள் ஏறத்தாழ 37 லட்சம் பேர், எதிர்த் திசையில் வந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். போனவர்களில் இளைஞர்கள் அதிகம், அதிலும் இளம்பெண்கள் அதிகம். இருந்தவர்களுக்கு வயதாகி ஓய்வு பெற்றார்கள். தேடும் கைகள் குறைந்தபோது விகிதமும் குறைந்தது. அந்த 18-ஐயும் 7-ஐயும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ என்று நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்க மாநிலங்களைப் பற்றி ஒலிவியே பிளான்ஷார், லாரன்ஸ் காட்ஸ் என்ற பொருளியலாளர்கள் 1992-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மாநிலத்தில் வேலைகள் அழிந்தால், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் அங்கே வேலையின்மை பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அழிந்த வேலைகள் திரும்பி வருவதில்லை, மனிதர்கள் வெளியேறுவதால்தான் விகிதம் சரியாகிறது என்று அவர்கள் கண்டார்கள். பிறகு, சீனாவிலிருந்து வந்த இறக்குமதியால் அடிபட்ட தொழில் பகுதிகளை டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் ஆகியோர் ஆராய்ந்தபோது இன்னும் கசப்பான உண்மை தெரிந்தது. நினைத்த அளவுக்கு ஆட்கள் வெளியேறவும் இல்லை. பத்தாண்டுகள் கடந்தும் அங்கே வேலையும் கூலியும் மேலே வரவில்லை. நாடு முழுவதற்குமான சராசரி அந்த ஆண்டுகளில் ஏறியது, இறங்கியது, மறுபடி தேறியது. அந்தப் பகுதிகள் தேறவில்லை.

அடுத்து, 'வேலையில் இருப்பவர்' என்பதற்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு 1982-இல் வகுத்து, 2013-இல் திருத்திய விளக்கம்தான் பெரும்பாலான நாடுகளுக்கு அடிப்படை. குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வேலையற்றவர் என்று எழுத மூன்றும் வேண்டும்: வேலை இருக்கக் கூடாது, தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும். இந்த விளக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்காவது கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும், எல்லா நாடுகளும் ஒரே இடத்தில் கிழித்தால்தான் ஒப்பிட முடியும். ஆனால் வேலை இழந்த ஓர் இயந்திர ஓட்டுநர், அந்த வாரம் யாருக்கோ இரண்டு மணி நேரம் மூட்டை தூக்கிக் கொடுத்ததைச் சொன்னபோது, 'வேலையில் உள்ளார்' என்ற கட்டத்தில் குறி போட்ட கை இது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் எனக்கு வேலை இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். விதியை விளக்கினேன். அவர் கேட்டது விதியை இல்லை என்று எனக்கும் தெரியும்.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். கேட்டால் "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பார்கள். உள்ளே தையல் இயந்திரத்தில் பாதி தைத்த துணி இருக்கும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைப்பார்கள், ஆனால் அதை வேலை என்று சொல்லத் தோன்றாது. நாங்கள் கேள்வியை வேறு வேறு விதமாக மாற்றிக் கேட்டுத்தான் அந்த உழைப்பை வெளியே கொண்டுவர வேண்டும். கேட்கிற விதத்திலேயே தப்பு நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் 1994-க்கு முன்பு, வாசலில் நிற்பவர் இல்லத்தரசி போலத் தெரிந்தால், முதல் கேள்வியையே வீட்டு வேலையை வைத்துத் தொடங்குவார்கள். அந்த ஆண்டில்தான் எல்லோருக்கும் ஒரே கேள்வி என்று படிவத்தை மாற்றினார்கள்.

எண்ணில் பெண்கள் தோன்றிவிட்டால் மட்டும் போதாது. இந்தியாவின் கணக்கைப் பார்: 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். பெரிய பாய்ச்சல். ஆனால் வேலை செய்வதாகக் கணக்கில் வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடும்பத் தொழிலில் ஊதியம் இல்லாமல் உதவுபவர்கள். அதே 2023-24 ஆய்வில் கேரளத்தின் வேலையின்மை 7 சதவீதத்துக்கு மேல், மத்தியப் பிரதேசத்தில் 1 சதவீதம் அளவு. இதை வைத்து எந்த மாநிலத்தில் வாழ்வு நன்றாக இருக்கிறது என்று யாராவது முடிவு செய்தால் அது பெரிய பிழை. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை வரும் வரை காத்திருக்க ஒரு குடும்பத்துக்குத் தாங்கும் சக்தி வேண்டும். அது இல்லாத வீட்டில் கிடைத்த வேலையைச் செய்தே தீர வேண்டும், அங்கே வேலையின்மை குறைவாகத்தான் தெரியும்.

இத்தனை சொன்னதால் அந்த எண்களே பொய் என்று நினைத்துவிடாதே. என் வாழ்நாளை அவற்றுக்குக் கொடுத்திருக்கிறேன், அப்படிச் சொன்னால் எனக்கு வலிக்கும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றின்போது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 14.7 சதவீத வேலையின்மையை அறிவித்தது. தற்காலிகமாக வேலை நின்றுபோன பலரைக் கணக்கெடுப்பவர்கள் தவறாக, 'வேலையில் இருக்கிறார், இந்த வாரம் போகவில்லை' என்று பதிந்துவிட்டார்கள், அது சரியாகப் பதியப்பட்டிருந்தால் விகிதம் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள் கூடியிருக்கலாம் என்று அந்த அலுவலகமே வெளிப்படையாக எழுதியது. பதிந்த பதிலைப் பின்னால் உட்கார்ந்து திருத்துவதில்லை என்பது அவர்கள் விதி, அதனால் 14.7 என்றே அறிவித்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை வந்தது. எண்ணோடு சேர்த்து அதன் குறையையும் சொல்பவர்களை நம்பலாம்.

நீ படித்த செய்தியில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. ஒரே ஒரு காலாண்டின் எண், அதுவும் ஒரு சிறு பகுதிக்கு. அமெரிக்கா அத்தனை பெரிய நாட்டுக்கே மாதம் ஏறத்தாழ 60,000 வீடுகளைத்தான் மாதிரியாக எடுக்கிறது. அதில் ஒரு சிறு பகுதிக்குச் சில நூறு வீடுகள் வரும், சில சமயம் அதுகூட வராது. பத்துக் குடும்பங்களின் பதில் மாறினாலே விகிதம் ஆடிவிடும். நாடு முழுவதற்கும் நம்பத் தகுந்த ஆய்வு, ஒரு மூலைக்கு அதே அளவு நம்பத் தகுந்ததாக இருக்காது. குறைந்தது நான்கு காலாண்டுகளைச் சேர்த்துப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

அதனால் நேற்று உட்கார்ந்து பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நான் தேடியது வேலையின்மை விகிதத்தை இல்லை. உழைக்கும் வயதில் உள்ளவர்களில் வேலையில் இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்பதைத்தான் தேடினேன். 6 ஆண்டுகளாக அது அசையவே இல்லை. அந்த வயதில் உள்ளவர்களின் மொத்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது. மாதச் சம்பள வேலைகளின் பங்கு கொஞ்சம் சரிந்து, சொந்தமாக ஏதோ செய்துகொள்பவர்களின் பங்கு கூடியிருக்கிறது. உனக்கு நல்ல செய்தியாக ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது: உற்பத்தித் துறையில் ஆட்கள் தேவைப்படும் காலியிடங்கள் கடந்த ஓராண்டாக மெல்லக் கூடுகின்றன.

வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே இருந்தபடி தேடலாம் என்று மட்டும் நினைக்காதே. 1930-இல் ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் இருந்த ஒரே ஆலை மூடப்பட்டு, அங்கே வாழ்ந்த 478 குடும்பங்களில் பெரும்பாலானவை நிலைகுலைந்தன. சமூக உளவியலாளர் மேரி யஹோடாவும் அவருடைய தோழர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். கையில் நாள் முழுக்க நேரம் இருந்தும், நூலகத்தில் இரவல் வாங்கும் புத்தகங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. வேலையில்லாத நாட்கள் மனிதரை எப்படி அரிக்கும் என்பதை நான் படிகளில் நின்று பார்த்திருக்கிறேன். உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. நீ தூரத்தில் இருக்கும் துக்கத்தை 6 ஆண்டுகள் தாங்கியிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் தாங்குவேன்.

மூன்று நாட்களாக வேலை அறிவிப்புகளைப் பார்த்துவருகிறேன். தரக் கட்டுப்பாட்டில் ஐந்து இருந்தன. மூன்று, ஓராண்டு ஒப்பந்தம். நான்காவது, புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கானது. நீ இப்போது வாங்கும் சம்பளத்தில் பாதிகூட வராது. ஐந்தாவது நிரந்தரப் பணி, உன் அனுபவத்தை அப்படியே கேட்கிறார்கள். அறிவிப்பின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விண்ணப்பிக்க இம்மாதம் 28 கடைசி நாள். அங்கே வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பம் அனுப்பு. அழைத்தால், அந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் எங்கே போனார் என்று நேர்காணலில் மறக்காமல் கேள்.

நேர்காணலுக்கு வருவதானால் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. எந்த வண்டி என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு. அப்பா இப்போதே உன் அறையின் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா