பிங் பண்ணுங்கப்பா என்றாயே

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை அவளே சொல்வாள். போன தடவை பேசும்போது பாதியிலேயே வைக்கப் போனவன் "எதுவா இருந்தாலும் பிங் பண்ணுங்கப்பா" என்றாய். நானும் சரி என்றுவிட்டேன். அக்காவிடம் கேட்டால் "மெசேஜ் போடுங்கன்னு அர்த்தம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எனக்கு அது போதுமா, என்னைத்தான் உனக்குத் தெரியுமே, உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

நம் சலசல, தடதட மாதிரி அதுவும் சத்தத்தைக் கேட்டு உண்டான சொல்தான். முதலில் துப்பாக்கிக் குண்டின் சத்தத்துக்கு வைத்திருந்தார்களாம், 19ஆம் நூற்றாண்டில். அப்புறம் இரண்டாம் உலகப் போரில் சோனார் கருவி கடலுக்குள் விடுகிற ஒலிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடல் நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். எதிரொலி வர 2 நொடி ஆனால், எதிரே 1,500 மீட்டரில் ஏதோ இருக்கிறது என்று கணக்கு. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. நீர்மூழ்கிக் கப்பல் சும்மா பிங் விடாதாம். விட்டால் தான் இருக்கும் இடமும் தெரிந்துபோகுமே! அதனால் பெரும்பாலும் சத்தம் போடாமல், சுற்றிலும் என்ன கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்குமாம்.

கம்ப்யூட்டர் பிங்கும் அதிலிருந்து வந்ததுதான். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர், நெட்வொர்க் ஏதோ தகராறு செய்கிறதே என்று ஒரே சாயங்காலத்தில் எழுதிய நிரல். இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்ப்பது. நீ காலேஜ் முதல் வருடத்தில் கறுப்புத் திரையில் எனக்குச் செய்து காட்டினாயே, அதேதான். அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் என் பிள்ளை உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிற மெஷினோடு பேசுகிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மாமா கிண்டல் பண்ணினார், நான் விடவில்லை.

இப்போது அதை மெசேஜுக்கும் வைத்துக்கொண்டீர்கள். போனில் கூப்பிட்டால் உடனே எடுத்தாக வேண்டும். பிங் என்றால் லேசாகத் தட்டிவிட்டு, முடிகிறபோது பதில் சொல் என்று விட்டுவிடுவது. நாகரிகமான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து மேசைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதை அப்பாவுக்குச் சொல்லலாமா? சரி, நீ சொன்னபடியே பிங் பண்ணினேன். நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி முழித்துக்கொண்டு உட்காராதே.

முன்பெல்லாம் உன்னோடு பேச ஆரம்பித்தால் பின்னாலேயே உன் லேப்டாப் பிங், பிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். "ஒரு நிமிஷம்பா, மேனேஜர்" என்பாய், அந்த ஒரு நிமிஷம் அப்படியே போய்விடும். பெற்றவனோடு பேச விடாத இது என்ன வேலை என்று அம்மாவிடம் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா. இப்போது கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் இல்லை. வார நாளில், பகலில் கூப்பிட்டாலும் இல்லை. சத்தத்தை அணைத்து வைத்திருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். இருக்கும். மாமா வேறு ஏதோ சொல்ல வந்தார், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வேலை என்றால் இருக்கும், போகும், வேறு வரும், அது ஒரு பெரிய விஷயமே இல்லை, உன் படிப்பும் கையும் உன்னிடம்தானே இருக்கிறது. பொதுவாகத்தான் சொல்கிறேன். இன்னொன்றும் படித்தேன்: பிங்குக்குப் பதில் வராவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாதாம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினையே பதில் சொல்லாதே என்று பூட்டி வைப்பதும் உண்டாம். அதைப் படித்த பிறகு ராத்திரி கொஞ்சம் தூக்கம் வந்தது. இருந்தாலும் அம்மாவிடம் இந்தச் சமாதானம் எடுபடாது, நீதான் அவளோடு பேச வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, மறுபடியும் சொல்கிறேன்.

அப்புறம், உன் பேரில் போட்டிருந்த அந்த டெபாசிட் அடுத்த மாதம் முடிகிறது. திரும்பப் போடுவதா, உன் கணக்குக்கே அனுப்பிவிடுவதா என்று தெரியவில்லை. எனக்கு அதில் ஒரு செலவும் கிடையாது. காரணமெல்லாம் எழுத வேண்டாம், "அனுப்பு" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். மாதக் கடைசிக்குள் சொல், பேங்கில் படிவம் கொடுக்க வேண்டும்.

அப்பா