ஏழு பாட்டில் ஒன்று

அன்புள்ள சேகர்,

உன் திரைக்கதை கிடைத்த அன்றைக்கு ராத்திரியே படித்து முடித்துவிட்டேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் பாட்டு வகுப்பை விட்டுவிட்டுச் சிலம்பம் கற்கிறாள்; இதுவரை ஒரு ட்யூப்லைட் போயிருக்கிறது.

கதை நல்லா வந்திருக்குடா. அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசாமல் மளிகைக்கடைக் கணக்கை முடிக்கிற காட்சியில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஏழு இடத்தில் இளையராஜா பாட்டை எழுதி வைத்திருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. மொட்டை மாடியில் அவளை முதல்முறை பார்க்கிறான். 'பின்னணியில் இளைய நிலா' என்று ஒரு வரி போட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டாய். அவள் துணி காயப்போட்டாளா, திரும்பிப் பார்த்தாளா? நீ எழுத வேண்டியதை கிடாரிடம் விட்டுவிட்டாய்.

'96' ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் ஜானு எத்தனையோ பாட்டுப் பாடுவாள், ராம் கேட்கிற 'யமுனை ஆற்றிலே'யை மட்டும் பாட மாட்டாள். 22 வருஷம் கழித்து அவன் வீட்டில் கரண்ட் போனதும் பாடுகிறாள். அந்தப் பாட்டு பாக்கி என்பதை முதலிலேயே நம் காதில் போட்டுவிட்டதால்தான் அந்த இருட்டு அப்படி வேலை செய்கிறது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்திலிருந்து 'குணா' பாட்டை நீக்கிவிட்டால், 'குணா' படமெடுத்த கொடைக்கானல் குகைக்குப் பையன்கள் போகவே காரணம் இல்லை. காதலர்களுக்கு எழுதிய வரி, குழியில் விழுந்த நண்பனுக்குப் பொருந்தியது தனி அதிர்ஷ்டம்.

அந்தப் படத்துக்கும் 2024இல் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. உரிமை வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது படக்குழு. பாட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. வேறு ஆளைப் பாட வைத்துப் புதிதாகப் பதிவு செய்தாலும் முதலாவது வேண்டும். முதல் படத்துக்கு ஏழு பாட்டு என்றால் தயாரிப்பாளர் பக்கத்தைப் புரட்டும்போதே பெருக்கல் போட ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு இதில் சூடு பட்டிருக்கிறது. என் குறும்படத்தை ஒரு பழைய பாட்டின் மேல் வைத்து எடிட் செய்தேன். அவள் ஜன்னலைச் சாத்துவது சரியாகத் தபேலா அடியில் விழும். ஒரு கம்பெனி சொன்ன தொகை படத்தின் மொத்தச் செலவை விட அதிகம். பாட்டை எடுத்துவிட்டு நண்பன் போட்ட மெட்டை வைத்தால், ஒவ்வொரு வெட்டும் அரை நொடி தள்ளி நொண்டியது. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப ஒட்டினேன்.

அதனால் ஆறைத் தூக்கிவிடு. கடை ரேடியோவில் அப்பா கேட்கிற பாட்டை மகன் கடைசியில் முணுமுணுக்கிறானே, அது மட்டும் இருக்கட்டும். எந்தப் பாட்டு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது வரும்போதெல்லாம் அவர் கணக்கு நோட்டை மூடி வைப்பார் என்று முன்பே ஓரிடத்தில் காட்டிவிடு.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அந்த ரேடியோ உங்கள் கடையில் அரிசி மூட்டைக்கு மேலே இருந்ததுதானே? இன்னும் பாடுகிறதா?

அன்புடன்,
முருகன்