இரண்டாம் தவணையில் கதைப்பாடலும் பழைய நாடகமும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்க்கு,

வணக்கம். இந்தத் தவணையில் தரம் 8 முதல் 10 வரையான தமிழ் வகுப்புகளில் கதைப்பாடலையும் பழைய நாடகங்களையும் நடிப்பு வழியாகக் கற்பிக்கிறோம். தரம் 8இற்கு நல்லதங்காள் கதை, தரம் 9இற்கு அரிச்சந்திரன் சுடலை காக்கும் கதையான அரிச்சந்திர மயான காண்டம், தரம் 10இற்கு மனோன்மணீயம் நாடகத்தில் தெரிந்தெடுத்த களங்கள் (காட்சிகள்). "சோதனைக்குப் படிக்கிற நேரத்தில் கூத்தா?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதனால் வகுப்பில் நடப்பதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். அதற்குள் பன்னிரண்டு முதல் பதினாறு அடி வரைதான் எடுக்கிறோம். முதலில் சந்தி பிரித்து, மூச்செடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போடுவார்கள். பிறகு ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும்: இரக்கிறாள், மறைக்கிறான், தட்டிக்கழிக்கிறாள். வினை எழுத முடியாத அடி பிள்ளைக்கு விளங்காத அடி. ஆசிரியர் அங்கேதான் நின்று விளக்குவார். அருஞ்சொற்பொருளை மனப்பாடம் செய்த பிள்ளையும் இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. அந்தத் தடுமாற்றத்தை வெளியே கொண்டுவருவதே இந்த முறையின் பெரிய பயன் என்பது என் கருத்து.

அடுத்து ஆறு பேர் கொண்ட குழுக்கள்: இருவர் பாட்டு, ஒருவர் தாளம், மூவர் நடிப்பு. தொடக்கம், திருப்பம், முடிவு என்று மூன்று உறைநிலைக் காட்சிகளை அசையாமல் நின்று காட்டுவார்கள். எந்த அடியைக் காட்டுகிறார்கள் என்று மற்றக் குழுக்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே பாட்டும் அசைவும்.

பிழை வருகிற இடம் பெரும்பாலும் ஒன்றேதான். பாட்டு உறுதிப்பட முன்னர் அடவை (ஆட்ட அசைவை) சேர்த்தால் வேகம் கூடி, சொற்கள் விழுங்கப்படும். ஆகவே முதலில் இருந்தபடியே கையால் தாளம் போட்டு மெதுவாக மூன்று தரம், பிறகு நின்றபடி, பிறகுதான் நடை. கூத்தில் பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவது நடிப்பவர் மூச்செடுத்து இடம் மாறுவதற்கும்தான்; அந்த இடைவெளியைப் பிள்ளைகள் பயன்படுத்தப் பழக வேண்டும். சுருதி இன்னொரு சிக்கல். பெண்பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதி இயல்பாக வரும். குரல் உடைகிற வயதிலுள்ள ஆண்பிள்ளைகளை அந்தச் சுருதிக்கு இழுத்தால் தொண்டை கட்டிப்போகும். அவர்களுக்குத் தனியாகச் சுருதி இறக்குகிறோம், அல்லது அந்தப் பகுதியை வசனமாகப் பேசவிடுகிறோம்.

மயான காண்டத்தில் வேறொரு பிழை வரும். நடிக்கும் பிள்ளைக்கு முடிவு தெரியும். ஆகவே முதல் அடியிலேயே அழத் தொடங்கும். ஆனால் பிணம் சுடும் கூலியாகக் கால்பணமும் முழத்துண்டும் கேட்கும்போது, எதிரே நிற்பது தன் மனைவி சந்திரமதி என்று அரிச்சந்திரனுக்குத் தெரியாது. அங்கே அவன் சுடலை காப்பவன் மட்டுமே. குரல் வறண்டு, கணக்குச் சொல்வதுபோல வர வேண்டும். தாலியைப் பற்றிய பேச்சு வரும் இடத்தில்தான் அவளை அவன் அறிந்துகொள்ள, எல்லாம் புரளும். அந்த இடம் எந்த அடி என்று பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். சந்திரமதியின் புலம்பலிலும் விம்மலைக் கூட்டினால் சொல் மறைந்துவிடும். துக்கத்தை மெட்டே சுமக்கும். பிள்ளை தெளிவாகப் பாடினால் போதும். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இருக்கக்கூடும். அவர்களிடம் மெட்டுக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம். மெட்டோ சொல்லோ புத்தகத்திலிருந்து வேறுபட்டால் திருத்த வேண்டாம், அப்படியே எழுதி அனுப்புங்கள்.

இரண்டு விடயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றில் விழும் பகுதியை எவரும் நடிக்க மாட்டார்கள். பூட்டிய கதவு, பச்சை வாழைமட்டையை விறகாகக் கொடுக்கும் அண்ணி மூளி அலங்காரி ஆகிய காட்சிகளோடு நடிப்பு நிற்கும். மிச்சத்தை ஆசிரியர் வாசித்து, உதவி கேட்க அவளுக்கு வேறு யார் இருந்தார்கள் என்று வகுப்போடு பேசுவார். உங்கள் பிள்ளைக்கு இந்தக் கதை மனப்பாரமாக இருக்கும் என்று நினைத்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு பகுதி கொடுப்போம்.

மற்றது, மயான காண்டத்தில் வரும் சாதிச் சொற்கள். அவற்றைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோக மாட்டோம். அந்தச் சொற்கள் மனிதரை எப்படி இழிவுபடுத்தின என்பதும் பாடத்தின் பகுதி. எந்தப் பிள்ளைக்கும் ஒரு பாத்திரத்தின் பெயர் பட்டப்பெயராக ஒட்டாதிருக்க, பாத்திரங்கள் ஒவ்வொரு கிழமையும் மாறும். வீட்டிலும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேலி செய்யாதிருக்க வேண்டுகிறேன்.

1891இல் வெளிவந்த மனோன்மணீயம், சுந்தரம்பிள்ளை படிப்பதற்கென எழுதிய நாடகம். ஐந்து அங்கம், இருபது களம், நீண்ட ஆசிரியப்பா. மேடையில் முழுவதும் தாங்காது. ஆகவே சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலன் மன்னனோடு பேசும் பகுதிகளை எடுத்து, ஒரு மாணவர் அவன் பேச்சையும், பின்னால் நிற்கும் இன்னொருவர் அவன் நினைப்பையும் சொல்கிறார்கள். அதனுள்ளே இருக்கும் சிவகாமி சரிதம் தனியே ஒரு கதைப்பாடல். கோல்ட்ஸ்மித்தின் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவியது. தரம் 8இல் பழகியது இங்கே கைகொடுக்கும்.

புள்ளி 20: சொல் தெளிவுக்கு 8, பொருள் விளக்கத்துக்கு 8, குழுவேலைக்கு 4. நடிப்புத் திறமைக்குத் தனிப் புள்ளி இல்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தாளத்தில் இருந்தே முழுப் புள்ளியும் எடுக்கலாம். முடிவில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் வாயிலாக ஒரு பக்கம் எழுத வேண்டும், மூலத்திலிருந்து குறைந்தது மூன்று அடிகளை மேற்கோள் காட்டி.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இரவில் பத்து நிமிடம் பிள்ளை உரத்து வாசிக்கட்டும். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தொலைபேசியில் ஒளிப்பதிவைப் பார்த்து அப்படியே நடிக்கப் பழக்க வேண்டாம். பிள்ளை அடியின் பொருளை விட்டுவிட்டு மற்றவரின் முகபாவத்தைப் பிரதி செய்யும். உடுப்பு, முடி எதையும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டி அல்லது பழைய சேலை, ஒரு சால்வை போதும்.

ஒத்திகை செவ்வாய், வியாழன் பிற்பகல் 2.00 முதல் 3.15 வரை. ரியூசன் அல்லது பஸ் காரணமாக நிற்க முடியாத பிள்ளைகளை இணைப்புத் தாளில் குறிப்பிடுங்கள். அவர்களின் குழுவுக்குப் பாடவேளைக்குள்ளேயே நேரம் ஒதுக்குவோம். கையொப்பமிட்ட தாளை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அதிபர்