எலிவானின் பேச்சு முன்னால் கேட்காது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். முக்கோண இறக்கையின் பின்விளிம்பில், கீலில் மேலும் கீழும் திரும்பும் பலகையான எலிவானை 10 பாகை தாழ்த்தினால் எவ்வளவு தூக்குவிசை கூடும் என்பதைக் குறைந்த வேகத்துக்குச் சரியாகவே போட்டிருக்கிறாய். ஆனால் அதே குணகத்தை மாக் 2-க்கும், அதாவது ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கும், எடுத்துக்கொண்டாய். அங்கேதான் தப்பு.

ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் எலிவான் தாழ்ந்த செய்தி அழுத்த அலையாக முன்னோக்கியும் போகிறது. முன்விளிம்பு வரை காற்றோட்டம் மாறுகிறது. சிறிய எலிவான் என்றால், கூடும் தூக்குவிசையில் பெரும்பங்கு அதற்கு முன்னால் இருக்கும் இறக்கையில்தான் பிறக்கிறது.

மாக் 2-இல் அந்தச் செய்தி முன்னால் போகவே முடியாது. எலிவானின் ஒவ்வொரு புள்ளியும் தனக்குப் பின்னால் 30 பாகை அரைக்கோணக் கூம்புக்குள் மட்டுமே பேசும்; அதுதான் மாக் கூம்பு. கீலுக்கு முன்னால் உள்ள இறக்கைக்கு எதுவும் தெரியாது. மிஞ்சுவது எலிவானின் சொந்தப் பரப்பு. அதற்கு சுவிஸ் காற்றியக்க அறிஞர் அக்கெரெட் 1925-இல் தந்த வாய்பாடு போதும்: சாய்வை ரேடியனில் இரட்டித்து, மாக் எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகு. 10 பாகைக்கு அழுத்தக் குணகம் (அழுத்த மாற்றத்தைக் காற்றோட்டத்தின் இயக்க அழுத்தத்தால் வகுத்த எண்) மாக் 2-இல் சுமார் 0.2, மாக் 3-இல் 0.12.

இதைவிடக் கடுமையான விஷயம் கீலில் இருக்கிறது. குறைந்த வேகத்தில் சுமை கீலை ஒட்டிக் குவியும், பின்விளிம்பில் பூஜ்ஜியமாகும். ஒலியைத் தாண்டினால் சுமை ஏறத்தாழ சீராகப் பரவி, அதன் மையம் எலிவானின் நடுவுக்குப் போய்விடும். பலன் குறைகிற அதே நேரத்தில் திருப்பக் கேட்கும் வலு ஏறுகிறது! ஒலியைத் தாண்டிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் ஆறு எலிவான்களையும் ஹைட்ராலிக் இயக்கிகள் நகர்த்தியது இதனால்தான். இறக்கை முழுவதன் அழுத்த மையம் பின்னால் நகர்ந்ததையும் எலிவானைச் சாய்த்துச் சமாளிக்கவில்லை, எரிபொருளைப் பின்தொட்டிக்கு மாற்றிச் சரிசெய்தார்கள்.

எலிவானைப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருந்தாய். பெரிதாக்கினால் கீலின் சுமையும் கூடவே வளரும். அதற்கு முன் இறக்கையின் முக்கோண நுனியை முழுதாகச் சுழற்றும் வழியை யோசித்துப் பார். அதன் முன்விளிம்பு, முன்முனையில் கிளம்பும் மாக் கூம்புக்கு வெளியே இருந்தால், நுனியின் அழுத்த மையம் அதன் அடிநாணில் (இறக்கையோடு சேரும் பக்கத்தின் முன்பின் நீளம்) முன்னிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நிற்கும். கீலை அங்கே வைத்தால் திருப்ப வலு அதிகம் வேண்டாம். ஆனால் மெல்லிய நுனியின் சுமை முழுவதையும் ஒரே தண்டு தாங்க வேண்டும், காற்றோட்டத்தால் தானே வலுத்துப்போகும் படபடப்பு அதிர்வும் கவலைதான். எனக்கு இன்னும் அந்த வழிதான் அழகாகப் படுகிறது.

சரி, கணக்கை எலிவானின் பரப்புக்கு மட்டும் மறுபடி போடு. அதன் இரு ஓரங்களிலும் கிளம்பும் மாக் கூம்புகளுக்குள் அழுத்தம் குறைவதையும் கழித்துவிடு. அப்புறம் கீலின் திருப்புத்திறனையும் அதே தாளில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்